கையில் வந்த சீட்டு

சீட்டுக்கட்டில் 52 சீட்டு என்பது ரம்மி ஆடும் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மரியா கொன்னிகோவாவுக்குத் தெரியாது. மாஸ்கோவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அவர், உளவியலில் டாக்டர் பட்டம் பெற்ற எழுத்தாளர்.

2015-ல் அவர் குடும்பத்துக்கு அடிமேல் அடி. தனியாக இருந்த பாட்டி இரவில் வழுக்கி விழுந்து இறந்துபோனார். அம்மாவுக்கு வேலை போனது, கணவருக்கும் போனது. மரியாவுக்கோ, டாக்டர்களுக்கே பிடிபடாத உடல்நலக் கோளாறு. வாழ்க்கையில் நம் கையில் இருப்பது எவ்வளவு, விதியின் கையில் இருப்பது எவ்வளவு? விடை தேடிப் போனவர் போக்கர் மேசைக்கு வந்து சேர்ந்தார். பிரபல ஆட்டக்காரர் எரிக் சைடல் குருவானார்.

‘டெக்சஸ் ஹோல்டம்’ ஆட்டத்தின் விதிகள் சுலபம். ஆளுக்கு இரண்டு சீட்டு. யாருக்கும் காட்டக் கூடாது. மேசை நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று என ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தே கணக்கு. ஜோடியைவிட ஒரே எண்ணில் மூன்று உசத்தி. அதைவிட வரிசையாக ஐந்து. அதையும்விட ஒரே இனத்தில் ஐந்து.

ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், ரம்மியில் ‘ஸ்கூட்’ விடுவதுபோல விலகலாம். மற்றவர்கள் எல்லோரும் விலகிவிட்டால் மட்டமான சீட்டும் ஜெயிக்கும்!

கஷ்டமான பாடம், விலகுவதுதான். கையில் இரண்டு ஏஸ் வர 221-ல் ஒரு வாய்ப்பே உண்டு. பெரும்பாலும் வருவது சுமாரான சீட்டு. ஆசையில் ஒட்டிக்கொண்டிருந்தால் கையிருப்பு கரையும்.

அடுத்த பாடம் இன்னும் கசப்பு. ‘நல்ல சீட்டு இருந்தும் தோற்றேன்’ என்று மரியா புலம்பினால், சைடல் காது கொடுக்க மாட்டார். எந்த இடத்தில் என்ன முடிவெடுத்தாய், ஏன் எடுத்தாய் என்பதைத்தான் கேட்பார். வந்த சீட்டுக்கு மரியா பொறுப்பில்லை; ஆடிய விதத்துக்குப் பொறுப்பு. பாட்டியின் மரணத்துக்கு யாரைக் குறை சொல்வது என்று தவித்தவருக்கு இது மருந்தானது.

2018 ஜனவரியில் பஹாமாஸில் நடந்த போட்டியில் அவர் முதலிடம் பெற்றார். பரிசு 80,000 டாலருக்கும் மேல். அதைப் பார்த்து யாரும் செல்போனில் பணம் கட்டி இறங்கிவிட வேண்டாம். அன்றாடம் பயிற்சி, பக்கத்தில் குரு என்று இருந்தும் அவர் தோற்ற நாட்கள் பல. வீட்டுத் திண்ணையில் புளியங்கொட்டையைப் பந்தயம் வைத்து ஆடினாலே, எப்போது விலகுவது என்பது புரிந்துவிடும்.