யாருடைய குதிரை?

உதகையில் ஏப்ரல், மே மாதங்கள் சீசன் காலம். அப்போது படகு இல்லத்தருகே குழந்தைகளைச் சுமந்து நடக்கும் குதிரைகளுள் சில, கூட்டம் கலைந்து தீனிச் செலவு மட்டும் மிஞ்சும்போது தெருவில் விடப்படுகின்றன. புல்லுக்குப் பதிலாகக் குப்பையிலுள்ள காய்கறிக் கழிவும், அதனோடு நெகிழிப் பையும் அவற்றின் வயிற்றை நிரப்புகின்றன.

சென்ற மழைக்காலத்தில் அவ்வாறு ஒன்று எங்கள் சந்தின் முனையில் வந்து நின்றது. செந்நிறப் பெண்குதிரை, முன்னங்கால் வீங்கியிருந்தது. முதல் நாள் அதனை விரட்டினோம். முட்டைக்கோசு நாற்றுகளை மிதித்துவிட்டதே என்ற கோபம். இரண்டாம் நாள் எங்கள் கடைக்குட்டி வாளியில் தண்ணீர் வைத்தாள், நாங்கள் தடுக்கவில்லை. மூன்றாம் நாள் குதிரைக்காரர்களிடம் விசாரித்தோம். ஒருவரும் தமதென்று ஒப்பவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் குதிரையையும் கால்நடையென்றே கொள்கிறது. திரியும் குதிரையைப் பவுண்டில் அடைக்கலாம். 7 நாளில் உடையவர் வராவிடில் காவல் நிலையத்தார் அறிவிப்பு ஒட்டி, பறையறைவித்து, மேலும் 7 நாள் கழித்து ஏலம் விடலாம். உடையவர் வந்தாலோ, அபராதமும் தீனிச் செலவும் கட்டி மீட்க வேண்டும். நல்ல குதிரைக்கு ஆள் வரும். நொண்டிக் குதிரைக்கு எவர் வருவார்? நோயுற்ற விலங்கைத் தெருவில் சாகவிடுவது குற்றமென்று 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் கூறுகிறது. முதன்முறைக்கு அது விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய். அந்தச் சிறு தொகையைத்தான் எவரிடம் வசூலிப்பது?

வழிதப்பிய எருதோ கழுதையோ பகைவனுடையதாயினும் அவனிடம் சேர்க்க வேண்டுமென்பது விடுதலைப் பயண நூலின் கட்டளை. உடையவன் யாரென்று தெரிந்திருந்த ஊர் அது! அயர்லாந்து 1996இல் இயற்றிய குதிரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இங்கேதான் கைவைத்தது. நகராட்சிகள் குறித்த பகுதிகளில் உரிமமின்றிக் குதிரை வைத்திருக்கலாகாது. 16 வயது நிரம்பாதவருக்கு அதை விற்கவும் கூடாது.

நான்காம் நாள் அந்தி நேரத்தில் ஓர் இளைஞர் வந்தார். எங்கள் மகளை ஒருமுறை சவாரிக்கு ஏற்றியவர்தாம். "ராணி" என்று மெல்ல அழைத்தார், குதிரை தலைதூக்கியது. பிடரியைச் சற்று நேரம் தடவிக் கொடுத்தார்.

"உன்னுடையதா தம்பி?"

"இல்லீங்கம்மா" என்று கூறி, திரும்பிப் பாராமல் நடந்தார்.

மறுநாள் கால்நடை மருத்துவர் வந்தபோது காலம் கடந்திருந்தது. உடையவர் பெயரென்ன என்று அவர் கேட்டார். தெரியாது என்றோம்.