அச்சிட்ட பணமும் கட்டிய அணையும்

கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் திகனையைக் கடந்து தெல்தெனியவை நோக்கிச் செல்லும்போது, பழைய தெல்தெனிய நகரையே உள்வாங்கிக்கொண்டு விரிந்து கிடக்கும் விக்டோரியா நீர்த்தேக்கத்தைக் காண்கிறோம். முப்பது வருஷத்துக்கென வகுக்கப்பட்ட மகாவலித் திட்டத்தை ஆறே வருஷத்தில் முடிக்க ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் துணிந்தபோது, பிரித்தானிய நன்கொடையும், வெளிநாட்டுக் கடனும், போதாக்குறைக்கு மத்திய வங்கியின் தயவும் சேர்ந்து வெள்ளமெனப் பாய்ந்தன. அதனால் ஆயிரமாயிரம் பேர் ஊதியம் பெற்றார்கள் என்பதும், 1980இல் சுமார் 26 சதவீதம் ஏறிய விலைவாசி அவ்வூதியத்தில் ஒரு பங்கைப் பறித்துக்கொண்டது என்பதும் ஒருசேர உண்மை.

ஆயினும் 1985இல் திறக்கப்பட்ட அணை இன்றும் மின்சாரம் தருகிறது. 2020இல் திரளாகச் சேர்க்கப்பட்ட பட்டதாரிகளுக்கு அரசாங்கம் கொடுத்ததோ, பெரும்பாலும், நியமனக் கடிதமும் நாற்காலியுமே. பிரதேச செயலகமொன்றில் ஒரு மேசையைச் சுற்றி நால்வர் அமர்ந்திருக்கக் கண்டேன், கோப்பு ஒன்றுதான். (தேநீர் மட்டும் நேரத்துக்கு வந்தது.) ரூபாயை அச்சிடலாம், டொலரை அச்சிட இயலாது என்ற சாமானிய விஷயத்தை நாடு கற்பதற்கு, 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்ட வேண்டியிருந்தது.

2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்கு நேரே கடன் கொடுப்பதைத் தடுத்துவிட்டது; நல்லதே. அதற்காக, வேலையில்லாதோர் விஷயத்தில் அரசு கைகட்டி நிற்பதே விவேகம் என்போருடன் நான் உடன்படேன். மழைதோறும் மண் சரியும் நம் மலைப்பாதைகளுக்குத் தடுப்புச்சுவரும் மதகும் கட்ட, பெரும்பாலும் உள்ளூர்க் கல்லும் உள்ளூர்க் கைகளுமே போதும். வரிப்பணத்தை முதலில் அங்கே செலவிடட்டும்.