கூவிய பெட்டி

சென்ற ஆடி மாதம். மழையென்றால் அப்படியொரு மழை! திலக் நகரில் எங்கள் கட்டிடத்துப் படிக்கட்டுச் சுவர்கூட வியர்த்து நின்றது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். ஆய்வேடோ கணிப்பொறிக்குள் இருந்தது. கணிப்பொறியோ கண் திறக்க மறுத்தது. விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, திரை மட்டும் அமாவாசை. இடையிடையே 'பீ...ப்' என்று நீண்ட கூவல்.

"வேறு பிரதி எடுத்து வைக்கவில்லையா?" என்று நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லை. மேலே செல்வோம்.

பழுது பார்ப்பவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். பெட்டியைப் பாராமலே, "ஃபார்மட் பண்ணிவிடலாம்" என்றார். அதாவது வட்டில் உள்ளதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. தலைவலி என்று போனவனிடம் தலையையே கேட்டது போலிருந்தது. ஆய்வேடு மட்டுமா? காலஞ்சென்ற என் ஆச்சி பாடிய தாலாட்டும் அந்த வட்டில்தான் இருந்தது.

கீழ்வீட்டு அண்ணாச்சியிடம் ஓடினேன். நெல்லைச் சீமைக்காரர், ரேடியோ பழுது பார்த்தே பிள்ளைகளைக் கரையேற்றியவர். வந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அது கூப்பிடுதுல்லா தம்பி! எதுக்குன்னு புஸ்தகத்தைப் பாரு."

பெட்டியோடு வந்த சிறு கையேட்டை அன்றுதான் முதன்முதலாகப் பிரித்தேன். நீண்ட ஒலி திரும்பத் திரும்ப வந்தால் நினைவகக் கோளாறு என்று அச்சிட்டிருந்தது. இந்த ஒலிக்குறி ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். ஆனால் முறை ஒன்றே: மின்சாரம் பாய்ந்ததும், வட்டைத் தொடுவதற்கு முன்னரே, 'பயாஸ்' என்னும் சிறு நிரல் உறுப்புகளைச் சோதிக்கிறது. 1981-இல் வந்த ஐ.பி.எம். பெட்டியிலும் இதே ஏற்பாடுதான். நினைவகம் கிட்டாவிட்டால் திரையில் எழுத வழியில்லை, ஆகவே கூவுகிறது. வட்டின் முறையே வராதபோது வட்டைத் துடைத்து என்ன பயன்?

மின்கம்பியைப் பிடுங்கினோம். பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு நினைவகப் பட்டைகளைக் கழற்றினேன். இதே மும்பையில் 1960-இல் இயங்கத் தொடங்கிய 'டிஃப்ராக்' கணிப்பொறியில் 2,700 வால்வுகளாம்! என்னிடம் இருந்தவை இரண்டே பட்டைகள். அதற்கே கை நடுங்கியது. பொன்னிறப் பற்கள் ஈரக்காற்றில் மங்கியிருந்தன. பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் அண்ணாச்சி இலேசாகத் தேய்த்து, துகளைத் துடைத்தார். முதலில் ஒன்றை மட்டும், இருபுறக் கொக்கியும் 'டக்'கென்று விழும்வரை அழுத்தினோம். திரை வெளுத்தது! பிறகு மற்றதையும் பொருத்தினோம்.

தேதி மட்டும் 2009 என்று காட்டியது. கடிகாரத்துக்கு உயிர் தரும் பொத்தான் மின்கலம் தீர்ந்திருந்தது. 2032 என்று எண்ணிட்டது: விட்டம் 20 மி.மீ., கனம் 3.2 மி.மீ., 3 வோல்ட். மறுநாள் கடிகாரக் கடையிலேயே கிடைத்தது.

அன்றிரவு முதலில் தாலாட்டைப் பென் டிரைவில் ஏற்றினேன், பிறகுதான் ஆய்வேட்டை.

"அதை ஒருக்கா போடேன் தம்பி" என்றார் அண்ணாச்சி. மணி இரண்டரை. முழுவதும் கேட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினார்.