டொக்

மகளுக்காக ஒரு பல்லாங்குழி வெப் பேஜ் பண்ணிக்கிட்டிருந்தேன்.
குழியில புளியங்கொட்டை விழுந்தா "டொக்"னு கேக்கணும். அவ்ளோதான் ஆசை.

ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு ஆசிலேட்டர், 440 ஹெர்ட்ஸ், 0.1 செகண்ட். சவுண்டு ஃபைலே வேண்டாம், பிரவுசரே அலையை உண்டாக்கிக்கும். மொத்தமே ஆறு வரி.

பேஜைத் திறந்தேன். மூச்சே இல்ல.

ஸ்பீக்கரைத் தட்டினேன். வயரைத் திட்டினேன். வால்யூமை முழுசா ஏத்தினேன்.
கடைசியில கன்சோலைப் பாத்தா மஞ்சள்ல ஒரு எச்சரிக்கை: யாராவது பேஜைத் தொட்ட பிறகுதான் சத்தம் போட விடுவானாம். 2018லேருந்தே குரோம்ல இதான் சட்டம்!

"ஒரு தடவை கிளிக் பண்ணுங்களேன்ப்பா"ன்னா மக.

பண்ணினேன்.
பீ...ப்!
தெரு நாய் எழுந்து குரைச்சுது. ராத்திரி மணி 11.

ஒரு காலத்துல பேஜைத் திறந்ததுமே மிடி பாட்டு அலறும், ஞாபகம் இருக்கா? ஆபீஸ்ல மாட்டிக்கிட்டு முழிச்சிருப்பீங்க.
அப்படிப் போட்டு வச்ச புண்ணியவான்கள்ல நானும் ஒருத்தன்.
சட்டம் என்னை மாதிரி ஆளுக்குத்தான் வந்திருக்கு.

அது கிடக்கட்டும். இந்த "பீப்"பை "டொக்" ஆக்கணும்னா எத்தனை ஹெர்ட்ஸ் வைக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.