வாசற்புறத்துப் புன்னை

அமெரிக்க நாட்டின் வட கரோலினாவில் துறவு மடமொன்றில் இருக்கும் என் தங்கை, ஆண்டுதோறும் பாஸ்குத் திருவிழாவையொட்டி ஒரு மரத்தின் படத்தை அனுப்புவாள். இலை முற்றும் விரியுமுன்னரே கிளையெங்கும் வெண்மை போர்த்து நிற்கும் அம்மரத்தை அங்கே டாக்வுட் என்கிறார்கள். அந்த மாநிலம் 1941-இல் அதன் பூவையே தன் மலராக ஏற்றுக்கொண்டதாம். இதழ்கள் போல் தோன்றும் நான்கும் உண்மையில் இதழ்கள் அல்ல, பூவை மூடிக் காத்த செதில்களே. மெய்யான பூக்கள் நடுவில் சிறு மொட்டுகளாய்க் குவிந்திருக்கின்றன. நம் வீட்டுக் காகிதப்பூவின் வண்ணமும் இத்தகையதே.

அந்நான்கும் சிலுவை வடிவில் அமைந்து, ஓரங்களில் ஆணி பட்டாற்போன்ற கறை காணப்படுவதால், ஆண்டவரைச் சுமந்த சிலுவை இம்மரத்தால் ஆனது என்றொரு கதை அங்கு வழங்குகிறது. அழகிய கதைதான். ஆயின் அவ்வினம் வட அமெரிக்காவுக்கு உரியது. பாலஸ்தீன நாட்டில் இயல்பாய் வளர்வதன்று. அதனால் என்ன? மயிலையில் கடலோரம் ஒதுங்கிய பெருமரத்தைப் புனித தோமையார் தம் இடைக்கச்சையால் இழுத்தாரென்று நாமும் சொல்லி மகிழ்கிறோம் அல்லவா! விசுவாசத்தை ஒரு மரத்தோடு முடிந்து வைப்பது எல்லாக் கரைகளிலும் உள்ள வழக்கம் போலும்.

“அண்ணா, உங்கள் வாசலில் ஒன்று வளர்த்தாலென்ன?” என்று அவள் ஒருமுறை கேட்டாள். குளிர்காலத்தில் உறங்கி எழவேண்டிய மரம் அது. பனி என்பதையே அறியாத காட்டுப்பள்ளி மணலில் அதற்கு வாழ்வேது? எங்கள் வாசலில் புன்னை நிற்கிறது என்று பதில் எழுதினேன்.

இவ்வூரை அறியாதவர்களுக்கு ஒரு சொல். கிழக்கே வங்கக் கடல், மேற்கே உப்பங்கழி, இடையில் ஒரு மணல் திட்டு. 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும், அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இயங்கத் தொடங்கியதிலிருந்து இரவிலும் விளக்கொளி அணையாத ஊர். கடல்நீரைக் குடிநீராக்கி நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரவல்ல நிலையம் 2010 முதல் இக்கரையிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டுக் கிணற்று நீரோ உவர்நீர்!

அந்த 2010-ஆம் ஆண்டில்தான் என் மனைவி, உறவினர் தோட்டத்திலிருந்து நான்கு புன்னங்காய்களை முந்தானையில் முடிந்து கொண்டு வந்தாள். புன்னை விதையின் ஓடு கடினமானது. ஓட்டோடு புதைத்தால் முளைக்க ஏறத்தாழ இரண்டு மாதமாகும். ஓட்டை நீக்கி உள்ளிருக்கும் பருப்பை மட்டும் நட்டால் மூன்று வாரமே போதும். அவள் இரண்டை உடைத்தும் இரண்டை உடையாமலும் நட்டாள். உடைத்தவற்றுள் ஒன்றே பிழைத்தது. மணலை ஒரு முழ ஆழம் அகற்றி, ஏரி வண்டலும் மக்கிய சாணமும் இட்டு, ஆடு கடியாதிருக்கப் பனையோலையால் வேலி கட்டினாள். உப்புக்காற்றைப் புன்னை பொறுக்கும். அது நெய்தல் நிலத்து மரமன்றோ! ஆயினும் இளங்கன்றுக்கு முதல் இரு கோடைகளில் நல்ல நீர் வேண்டும். விலைக்கு வாங்கிய குடிநீரில் நாள்தோறும் ஒரு செம்பு அதற்குப் போயிற்று. அரிசி கழுவிய நீரும் அதற்கே. இலையில் சாம்பல் தூசி படியும் நாள்களில் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். “பிள்ளைக்கு முகம் கழுவுகிறாயா?” என்று நான் கேலி செய்வதுண்டு. நற்றிணையின் 172-ஆம் பாடலில், நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த புன்னையை மகளுக்குத் தமக்கை என்றே சொல்லும் ஒரு தாய் வருகிறாள். என் மனைவி அதைப் படித்தவளல்லள்.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது பின்கட்டு முருங்கை வேரோடு சாய்ந்தது. ஆறு வயதுப் புன்னையோ ஒரு கிளையை மட்டும் இழந்தது. அடுத்த ஆண்டு என் மனைவி இறைவனடி சேர்ந்தாள். மரம் முதன்முதலாகப் பூத்தது 2019-இல். வெள்ளிதழ்கள், நடுவே பொன்னிறத் தாதுக்கற்றை, மெல்லிய நறுமணம். முதற்பூவை மாதா படத்தின் முன் வைத்தோம்.

சென்ற ஆண்டு என் மகன், “அப்பா, இந்த இடத்தில் ஓர் அறை கட்டினால் துறைமுக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடலாம்” என்றான். அவன் கூறியதில் குற்றமில்லை. இரு குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் அவன் தோளில் இருக்கிறது. மரம் கட்டணம் கட்டாது. முன்பெல்லாம் புன்னை எண்ணெயை விளக்கெரிக்கவும் மரப்படகுகளுக்குப் பூசவும் வாங்குவார்கள். இன்று படகுகள் பைபரால் ஆனவை; காயைக் கேட்பாரில்லை. மூன்று இரவு செபமாலை சொல்லிவிட்டு எண்ணிப் பார்த்தேன். நான்காம் நாள், “என் திண்ணையை எடுத்துக்கொள். சிறிது குறுகலாயினும் அறைக்கு அது போதும்” என்றேன். மகன் பேசவில்லை. “மாமா எங்கே உட்காருவார்?” என்று மருமகள்தான் கேட்டாள். மரத்தடியைக் காட்டினேன்.

அறை எழும்பிவிட்டது. ஒடிசாவிலிருந்து வந்த இரு இளைஞர்கள் தங்கியிருக்கிறார்கள். துணி உலர்த்த என் மரத்தில்தான் கயிறு கட்டியிருக்கிறார்கள். இரவில் வௌவால்கள் கடித்துப்போடும் காய்களைப் பேத்தி காலையில் பொறுக்குகிறாள். ஒன்றைப் பழைய வாளியில் புதைத்து நாற்பது நாளாயிற்று. இன்னும் முளையைக் காணோம். ஓட்டை உடைத்துத் தருகிறேன் என்றதற்கு, அதற்கு வலிக்கும் என்று மறுத்துவிட்டாள்.