டவ் விமானத்தில் சித்தூரின் பங்கு

ரேணிகுண்டாவில் இறங்கும் விமானத்தில் பெண் விமானியின் குரல் ஒலித்தால், ஏழுமலையானைப் பார்க்க வந்தவர்கள் யாரும் இன்று வியந்து நிமிர்வதில்லை. இந்திய விமானிகளில் சுமார் 15 சதவீதத்தினர் பெண்கள். உலக அளவில் இது 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. இவர்களுக்கு முன்னோடி யார், அவருக்கும் நம் சித்தூர், திருப்பதிப் பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்ற கேள்வியோடு தேட ஆரம்பித்தேன்.

முதல் பெண் விமானி யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். 1932இல் உரிமம் வாங்கியவர் ஊர்மிளா பாரிக். 1936இல் லாகூரில் புடவை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டியவர் சரளா துக்ரால். அப்போது அவருக்கு வயது 21, வீட்டில் நான்கு வயது மகள். விமானியான கணவர் 1939இல் விபத்தில் இறந்தார். உலகப் போர் வந்து பயிற்சியும் நின்றுபோக, சரளா ஓவியமும் ஆடை வடிவமைப்பும் கற்று வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டார்.

விமானம் ஓட்டுவதையே சம்பள வேலையாகச் செய்த முதல் பெண் பிரேம் மாத்தூர். அலகாபாத்தில் பயிற்சி பெற்று 1947இல் உரிமம் வாங்கினார். பெண் ஓட்டினால் பயணிகள் பயப்படுவார்கள் என்று எட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் மட்டும் துணை விமானியாகச் சேர்த்துக்கொண்டது. 1949இல் தேசிய விமானப் பந்தயத்தில் வென்றும் கேப்டன் இருக்கை அவருக்குக் கிடைக்கவில்லை, வேலையை விட்டார்.

லாகூர், அலகாபாத், ஹைதராபாத் என்று எல்லாமே தூரத்து ஊர்கள். தேடல் நம் பக்கம் திரும்பியது உஷா சுந்தரம் என்ற பெயரில்தான்.

1924இல் பிறந்தவர் உஷா. கணவர் வி. சுந்தரம் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பில் பயிற்சியாளராக இருந்தவர். பிறகு மைசூர் மகாராஜாவின் விமானி ஆனார். பெங்களூருக்குக் குடிபோன உஷா, அரண்மனையின் டகோட்டா விமானத்தில் கணவருக்குத் துணை விமானியாக உட்கார்ந்தார். சமஸ்தானங்களை இணைக்கும் வேலையாக வல்லபாய் படேல் ஊர் ஊராகப் பறந்தபோது அவரை ஏற்றிச் சென்றவர்கள் இந்தத் தம்பதிதான். நேருவும் அவர்கள் விமானத்தில் பயணம் செய்திருக்கிறார். பிரிவினையின்போது பாகிஸ்தானில் சிக்கியவர்களை அழைத்துவரவும் பறந்தார்கள். 1949இல் பெங்களூரின் ஜக்கூரில் இருந்த அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் தேறிய முதல் பெண் உஷா.

வரைபடத்தில் இவர்கள் வாழ்ந்த மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். சித்தூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், வி.கோட்டாவுக்கு மேலாகப் போகிறது அது.

ஆனால் இதைவிடக் கெட்டியான தொடர்பு ஓர் அரசாங்கக் கொள்முதலில் இருந்தது. மெட்ராஸ் அரசு டி ஹாவிலண்ட் டவ் ரக விமானம் ஒன்றை வாங்கியது. அதை இங்கிலாந்திலிருந்து ஓட்டிவரும் பொறுப்பு சுந்தரம் தம்பதிக்குக் கிடைத்தது. கப்பலில் போனார்கள், 1951இல் விமானத்தோடு திரும்பினார்கள். லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரம். பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்கு அது சாதனை.

அந்த மெட்ராஸ் அரசு யாருடையது? 1911இல் உருவானதிலிருந்து சித்தூர் மாவட்டம் மெட்ராஸ் மாகாணத்தில்தான் இருந்தது. திருப்பதியும் அதில் சேர்த்தி. ஆந்திர மாநிலம் பிறந்தது 1953 அக்டோபர் 1இல். ஆக, டவ் வாங்கிய கஜானாவில் பாகாலா விவசாயி கட்டிய நிலவரியும் இருந்தது. இன்று தமிழ்நாட்டின் பெருமையாக மட்டும் சொல்லப்படும் அந்தப் பயணத்தில் நமக்கும் பங்கிருக்கிறது.

உஷா பறப்பதை நிறுத்திய பிறகும் சும்மா இருக்கவில்லை. 1959இல் கணவர் தொடங்கிய ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பில் குடும்பமே இறங்கியது. தெருநாய்களுக்கும் காயம்பட்ட மாடுகளுக்கும் சென்னையில் புகலிடமாக அது வளர்ந்தது. 2010 ஏப்ரலில் உஷா காலமானார்.

யார் முதல் என்ற வழக்கைத் தீர்ப்பதில் எனக்கு இப்போது ஆர்வம் இல்லை. உரிமம், தனிப் பறத்தல், சம்பளம், அரசுப் பள்ளிப் பயிற்சி என்று ஒவ்வொருவரும் வெவ்வேறு கதவைத் திறந்திருக்கிறார்கள். திருப்பதியில் பெண்களுக்கென்றே 1983இல் தொடங்கிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. சித்தூரில் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே பாடம் நடத்துகிறவர்கள் இந்த நான்கு பெயர்களையும் மாணவிகளிடம் ஒருமுறை சொல்லுங்கள். உஷாவின் பெயரைச் சொல்லும்போது, அந்த விமானம் நம் வரிப்பணத்திலும் வந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.