எட்டு ஆட்டம் மீதமிருக்கும்போது

"டைச்சைத் தூக்கிட்டாங்கம்மா."

2022 ஏப்ரல் 15, புனித வெள்ளி. என் மகன் அலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னான். முந்தைய நாள் சித்திரை பிறப்புக்குச் செய்த மாங்காய்ப் பச்சடி மீந்திருந்தது, அதை என்ன செய்வது என்ற யோசனையில் இருந்தேன். டைச் யார், அவரை யார் தூக்கினார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவனே தொடர்ந்தான். "எட்டு மேட்ச்தாம்மா மீதி இருக்கு. இப்பப் போயி…"

அந்த 'இப்பப் போயி'தான் என்னை அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வரவழைத்தது.

ஷான் டைச், இங்கிலாந்தில் பர்ன்லி என்ற கால்பந்து கிளப்பின் மேலாளர். 2012 அக்டோபரில் சேர்ந்தவர், ஒன்பதரை வருடம் இருந்துவிட்டார். பணக்கார அணிகளோடு ஒப்பிட்டால் பர்ன்லியிடம் இருந்தது சில்லறைதான். அதை வைத்துக்கொண்டு அணியை 2014லும் 2016லும் பிரீமியர் லீக்குக்கு ஏற்றினார். 2018இல் ஏழாம் இடம், 51 ஆண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பியப் போட்டி. ஊரில் ஒரு மதுக்கடை தன் பெயரையே 'ராயல் டைச்' என்று மாற்றிக்கொண்டது. 2022இல் சரிவு. முப்பது ஆட்டங்களில் நான்கே வெற்றி, இருபது அணிகளில் பதினெட்டாம் இடம். கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். கடைசி இடத்தில் கிடந்த நார்விச்சிடமும் தோற்ற ஐந்தாம் நாள் அவரை அனுப்பிவிட்டார்கள்.

"உங்க நெய்வேலி மாதிரி அதுவும் நிலக்கரி ஊரும்மா" என்றான் மகன். உண்மைதான். பர்ன்லியின் பெரிய சுரங்கமான பேங்க் ஹால் 1971இல் மூடப்பட்டது. நான் தேடிப் படித்தது அந்த ஊரின் நெசவாலைகளைத்தான். அந்த லங்காஷயர் வட்டாரத்துப் பஞ்சாலைப் பெண்கள் 29,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு வாக்குரிமை கேட்டு 1901இல் நாடாளுமன்றத்துக்கு மனுக் கொண்டுபோயிருக்கிறார்கள். மகனுக்கு இதில் ஆர்வமில்லை.

எனக்கு அன்றிரவு தூக்கம் வராததற்குக் காரணம் பர்ன்லி இல்லை. என் கணக்கில் மீதமிருந்தவை எட்டு ஆட்டங்கள் அல்ல, ஐந்து வாரங்கள்.

பல வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதம். நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் தமிழ்த்துறையில் இருந்தேன். பெயர் வேண்டாம். எங்கள் துறைத்தலைவரை நாங்கள் மேடம் என்றே சொல்வோம், இங்கும் அப்படியே இருக்கட்டும். பதினோரு மாணவிகளோடு பி.ஏ. தமிழ் தொடங்கிய நாளிலிருந்து பதினான்கு வருடம் அந்தத் துறை அவர் தோளில் இருந்தது. மே மாத வெயிலில் குடையோடு ஊர் ஊராகப் போய், "பொண்ணப் படிக்க அனுப்புங்க" என்று திண்ணை திண்ணையாக உட்கார்ந்து பேசி அட்மிஷன் பிடித்து வருவார். பிறகு சேர்க்கை குறைந்தது. விலகிப்போன மூன்று ஆசிரியர்களின் இடத்துக்கு நிர்வாகம் ஆள் போடவில்லை. தேர்ச்சி விகிதமும் இறங்கியது. இதில் முதல் இரண்டையும் யாரும் பேசவில்லை. மூன்றாவதை மட்டும் கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார்கள்.

பருவத் தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கையில், ஒரு மத்தியானம், தாளாளர் அறையிலிருந்து மேடத்துக்கு அழைப்பு வந்தது. கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். டிபன் பாக்ஸ், குடை, சொந்தப் புத்தகம் நாலைந்து. பீரோ சாவியை என் மேசைமேல் வைத்தார். "இன்டர்னல் மார்க் மேல் தட்டுல இருக்கு. ரெண்டு பேருக்கு இன்னும் போடல" என்றார். மறுநாள் காலை எனக்கு ஓர் ஆணை வந்தது: பொறுப்புத் துறைத்தலைவர்.

கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. முனைவர் பட்டம் முடிந்திருந்த நேரம். ஆணையில் என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். அதை இரண்டு முறை படித்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை ஒளித்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

நெய்வேலியில் வளர்ந்தவளுக்கு வேலை முடிவது என்றால் ஒரு தேதி. அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்த்தவர். ஓய்வு பெறும் நாள் எங்கள் வீட்டில் அம்மா, தம்பி, பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் எல்லோருக்கும் வருடக்கணக்கில் முன்கூட்டியே தெரியும். அன்று மாலை, சால்வை, பிரியாணி. பிறகு குவார்ட்டர்ஸைக் காலிசெய்து, டெம்போவில் பீரோவையும் முருங்கைக் கன்றையும் ஏற்றிக்கொண்டு சொந்த ஊர். அதிலும் வலி உண்டு, அம்மா வட்டம் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தாள். ஆனால் அவர்களுக்குத் தெருவே வழியனுப்பியது. மேடம் போனபோது பேருந்து நிறுத்தம்வரை ஒருவரும் கூடப் போகவில்லை. நானும் போகவில்லை, எனக்கு மூன்றாம் பீரியட் வகுப்பு இருந்தது.

அந்தப் பருவத்தில் தேர்ச்சி கொஞ்சம் ஏறியது. நிர்வாகம் என்னைப் பாராட்டியது. ஜூனிலிருந்து பாடம் நடத்தியவர் யார் என்பது விடைத்தாளில் எழுதியிருக்காதே. காலி இடங்கள் காலியாகவே இருந்தன. இரண்டு வருடத்தில் பி.ஏ. தமிழை மூடினார்கள். மூடுகிற தாளில் துறைத்தலைவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

பர்ன்லியிலும் அப்படித்தான் நடந்தது. இளையோர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த மைக் ஜாக்சனைப் பொறுப்பில் உட்காரவைத்தார்கள். முதல் நான்கு ஆட்டங்களில் பத்துப் புள்ளிகள். "பாத்தியா, தூக்கினது சரிதான்" என்று மகன் கட்சி மாறினான். அடுத்த நான்கில் ஒரே புள்ளி. மே 22, கடைசி நாள், சொந்த மைதானத்தில் நியூகாசிலிடம் 1-2 என்று தோற்றுக் கீழே இறங்கினார்கள். அதே நியூகாசிலுக்குத்தான் ஜனவரியில் தங்கள் முன்னணி வீரர் கிறிஸ் வுட்டை விட்டுக்கொடுத்திருந்தார்கள். 2020 டிசம்பரில் கிளப்பை வாங்கிய புது உரிமையாளர்கள் கடன் வாங்கி வாங்கியவர்கள், அந்தக் கடனும் கிளப்பின் தலையிலேயே ஏறியது. இத்தனையும் நடந்த வீட்டில் வெளியே அனுப்பப்பட்டவர்கள் டைச்சும் அவருடைய உதவிப் பயிற்சியாளர்களும்தான்.

நம் பக்கத்திலும் இது உண்டு. அதே ஆண்டு பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று தோற்றதும் சென்னையின் எப்.சி. தன் பயிற்சியாளர் பண்டோவிச்சை அனுப்பிவிட்டு, மிச்ச ஆட்டங்களை உதவியாளர் சையத் சபீர் பாஷாவிடம் கொடுத்தது. பண்டோவிச் வந்து ஒரு சீசன்கூட ஆகியிருக்கவில்லை.

பெண்களுக்கு இந்த நாற்காலி எப்போது வருகிறது என்று மிஷெல் ரயன், அலெக்ஸ் ஹாஸ்லம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் எழுதினார்கள். பிரிட்டனின் பெரிய நிறுவனங்கள் இயக்குநர் குழுவில் பெண்களை நியமித்ததற்கு முந்தைய மாதங்களைப் பார்த்தால், நிறுவனம் பெரும்பாலும் ஏற்கெனவே சறுக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கூரை என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோமே, அதற்கு அடுத்ததாக இதைக் கண்ணாடி விளிம்பு என்றார்கள். படித்தபோது எனக்கு அந்தத் தட்டச்சு செய்த 'முனைவர்' நினைவு வந்தது.

ஹோப் பவலையும் சொல்ல வேண்டும். 1998இல், 31 வயதில், இங்கிலாந்து பெண்கள் அணியின் பயிற்சியாளரானார். 2009இல் ஐரோப்பிய இறுதிப்போட்டிவரை கொண்டுபோனார். 2013இல் ஸ்வீடனில் அணி தன் பிரிவில் கடைசியாக வந்ததும் நீக்கப்பட்டார். நடுவில் பதினைந்து வருடம். அவரை நீக்கியது சரியா தவறா என்று எனக்குத் தீர்ப்பு இல்லை. ஜெயித்தும் தோற்றும் பார்க்க ஒரு பெண்ணுக்குப் பதினைந்து வருடம் கிடைத்திருக்கிறதே என்ற பொறாமைதான் வந்தது.

அந்த மே மாதக் கடைசியில் பண்ருட்டிக்குப் பேருந்து ஏறினேன். மேடம் வீட்டு வாசலில் பலாப்பழ வாசனை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழம் அரிந்துகொண்டிருந்தார்.

"வாம்மா. வழி தெரிஞ்சுதா?"

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னேன். "அன்னைக்கு நான் கேட்டிருக்கணும் மேடம்."

"கேட்டிருந்தா உன்னையும் அனுப்பியிருப்பாங்க." ஒரு சுளையிலிருந்து கொட்டையை எடுத்துத் தனியே போட்டார். "ஒரு போனாவது பண்ணியிருக்கலாம்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுளைகள் நிறைந்த தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"சரி, அந்த ரெண்டு பேருக்கு இன்டர்னல் மார்க் போட்டியா இல்லையா?"